நித்யாவுக்குக் கொடுத்த மிஸ்டு கால்

எல்லையம்மனை நம்புகிற என் ஊர்க்காரர்களுக்கு, வேன் ஓட்டிக்கொண்டிருந்த ஏழுமலை எழுதுவது. போன வருஷம் மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை அஞ்சே முக்கால் மணிக்கு, தினமும் என் வேனில் வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒரு பெண்ணை அதே வேனால் இடித்துத் தள்ளினேன். அவள் பெயர் நித்யா. வயது இருபத்து நாலு. அப்பா இல்லாத பெண். அவளும் அவள் அம்மா அஞ்சலை அக்காவும் மட்டும்தான் வீட்டில். ஐந்து நாள் அவள் கண் திறக்கவில்லை. அந்த ஐந்து நாளும் நான் சோறு தின்றேனா, எதைத் தின்றேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

கோயில் கமிட்டிக்காரர்கள் இந்த வருஷத் திருவிழா மலரில் என் அனுபவத்தை எழுதித் தரச் சொன்னார்கள். "தீ உன்னச் சுடலயே, அத எழுது. மத்தது எதுக்கு?" என்றார் ஒருவர். மற்றதைத்தான் எழுதப்போகிறேன். போட இஷ்டமிருந்தால் முழுசாகப் போடுங்கள். இல்லையென்றால் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். போன மலரில் ஒருவர் பையனுக்கு பிரான்ஸ் விசா கிடைத்ததை நாலு பக்கம் எழுதியிருந்தார். கிடைத்தது நல்லதுதான், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அம்மன் செய்கிற காரியம் எல்லாம் அப்படி மாலை போட்டுக்கொண்டு வராது. எனக்குச் செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்குக் கோபம் வருகிறது. நன்றியும் வருகிறது. இரண்டும் சேர்ந்துதான் வருகிறது.

தட்டாஞ்சாவடியில் மருந்துக்கு அட்டைப்பெட்டி செய்கிற ஒரு கம்பெனிக்கு நான் ஒன்பது வருஷம் ஆள் ஏற்றினேன். தவளக்குப்பத்துக்கு மேற்கே இருக்கிற எங்கள் ஊர்களில் பதினோரு பெண்கள். காலை ஷிப்டுக்கு ஆறரைக்கு கேட் மூடிவிடுவார்கள். ஆறு முப்பத்திரண்டுக்குப் போனால் அரை நாள் லீவு. வெளியே வெயிலில் நிற்க வேண்டியதுதான். அதனால் எனக்கு ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

இதில் ஒரு கஷ்டம் இருந்தது. பெண்கள் ரோட்டில் வந்து காத்திருக்க முடியாது. காலையில் இருட்டு சரியாகப் பிரிந்திருக்காது. நாய்கள் துரத்தும். விடிய விடியக் குடித்துவிட்டு வருகிற பயல்கள் வண்டியை நிறுத்திப் பேச்சுக் கொடுப்பார்கள். வீட்டிலும் கடைசி நிமிஷம் வரை வேலை இருக்கும், பிள்ளைக்குத் தலை வார வேண்டும், டிபன் பாக்ஸ் கட்ட வேண்டும். அதற்கு நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஒரு நிறுத்தத்தில் ஆள் ஏற்றும்போதே அடுத்த நிறுத்தத்துப் பெண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்துவிடுவேன். அவள் உடனே கட் பண்ணினால் வருகிறாள் என்று அர்த்தம். முழுசாக அடித்து ஓய்ந்தால் இன்றைக்கு லீவு, நிற்காமல் போய்விடலாம். யாரும் எடுத்துப் பேசக்கூடாது. மிஸ்டு கால் வந்தால் வேன் வர இன்னும் நாலு நிமிஷம் இருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். அடுப்பை அணைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தால் சரியாக இருக்கும்.

போனில் காசு தீரும் என்று பயந்த காலத்தில் ஆரம்பித்தது இது. இப்போது எல்லாரிடமும் அன்லிமிடெட்தான். ஆனாலும் பழக்கம் விடவில்லை. ஊரில் இதற்காக என்னைப் பாராட்டினார்கள். ஏழுமலை வேன் என்றால் பொம்பளைப் பிள்ளைகளைப் பற்றிக் கவலை இல்லை என்றார்கள். நானும் மார்தட்டிக்கொண்டேன். இடது கையில் போன், வலது கையில் ஸ்டியரிங். கியர் மாற்றும்போது போனைத் தொடையில் வைப்பேன், மறுபடி எடுப்பேன். கட் ஆனதா, அடிக்கிறதா என்று திரையைப் பார்ப்பேன். பதினோரு பெண்களுக்குப் பதினோரு தடவை. என் மனைவி தனம் ஒரு நாள் என்னோடு தவளக்குப்பம் வரை வந்தவள், இறங்கும்போது சொன்னாள், "நீ ரோட்டப் பாக்கறத விட போனத்தான் அதிகம் பாக்கற" என்று. உனக்கு வண்டி ஓட்டத் தெரியுமா என்று அவள் வாயை அடைத்தேன். ஒன்பது வருஷத்தில் ஒரு கீறல் இல்லையே என்ற திமிர்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நித்யாவுக்கு முந்தைய நிறுத்தத்தில் ஒரு பெண் லேட். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஏறும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள். நான் கத்தினேன். அந்தக் கத்தலில் நித்யாவுக்குக் கொடுக்க வேண்டிய மிஸ்டு காலை மறந்துவிட்டேன். வேகமாகக் கிளப்பினேன். ஏரிக்கரை வளைவுக்குக் கிட்டே வந்தபோதுதான் ஞாபகம் வந்தது. வளைவு தாண்டினால் அவள் நிறுத்தம். உடனே போனை எடுத்து அவள் பெயரை அழுத்தினேன்.

நீங்கள் யோசித்துப் பாருங்கள். அவளுக்கு அந்த மணிச் சத்தம் என்ன சொன்னது? வேன் இன்னும் நாலு நிமிஷம் தள்ளி இருக்கிறது என்று சொன்னது. நான்தான் அப்படிப் பழக்கி வைத்திருந்தேன். அவள் கட் பண்ணினாள். கட் பண்ணிக்கொண்டே ரோட்டைக் கடந்தாள். வேன் வருமோ என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, எதற்குப் பார்க்க வேண்டும்? நான் வளைவில் திரும்பிக்கொண்டே திரையைப் பார்த்தேன். கட் ஆகியிருந்தது. வருகிறாள் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். தலையை நிமிர்த்தியபோது அவள் கண்ணாடிக்கு முன்னால் இருந்தாள்.

சத்தத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

அவளைத் தூக்கி அதே வேனில்தான் போட்டோம். வேனில் அப்போது ஆறு பெண்கள். முன் சீட்டில் உட்காருகிற சரோஜா அக்கா நித்யாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கடலூர் ரோட்டில் ஹாரனை அழுத்திய கையை எடுக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட்டினேன். மரப்பாலம் தாண்டும்போது சரோஜா அக்கா எல்லாரையும் பார்த்துச் சொன்னாள்: "போன் சமாச்சாரத்த யாரும் வாயத் தொறக்காதீங்கடி. வேன் நின்னுச்சுன்னா நாம எல்லாரும் வீட்டுலதான் குந்தணும்." ரத்தம் சீட்டில் வழிந்துகொண்டிருக்கிறது. அதைக் கேட்டு எனக்கு வந்தது என்ன தெரியுமா? நிம்மதி. அதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல் இருக்கிறது.

அவளை உள்ளே கொண்டுபோனதும் நான் வெளியே வேப்பமரத்துக்குப் பின்னால் போய் நின்றேன். அழுவதற்கு இல்லை. போனை எடுத்து, அன்று காலையில் போன அழைப்பு எல்லாவற்றையும் அழித்தேன். ஒவ்வொன்றாக அழித்தேன். ஒன்றுகூட விடவில்லை.

போலீஸ் வந்தது. ரோட்டில் விழுந்து நொறுங்கிக் கிடந்த நித்யாவின் போனை எடுத்துப் பார்த்தார்கள், அது ஆன் ஆகவில்லை, அஞ்சலை அக்காவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அவள் கையில் போன் இருந்ததை எல்லாரும் சொன்னார்கள். என் கையில் இருந்ததை ஒருவரும் சொல்லவில்லை. திடீரென்று குறுக்கே வந்துவிட்டாள் என்று நான் சொன்னேன். அப்படியே எழுதிக்கொண்டார்கள். ஊரில் ஒருவர் என் தோளைத் தட்டி, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போச்சு என்றார். எனக்குத் தலைப்பாகையோடு போனது. தலைக்கு வந்தது நித்யாவுக்குத்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அஞ்சலை அக்கா தரையில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும், "நீதான தம்பி தூக்கினு வந்த, நீ நல்லா இருக்கணும்" என்றாள். அங்கே நிற்க முடியாமல் படிக்கட்டுக்குப் போனேன். அங்கேதான் முதல் வேண்டுதல். தாயே, அவள் உயிர் மட்டும் போதும், சித்திரையில் உனக்குத் தீ மிதிக்கிறேன் என்று மஞ்சள் துணியில் ஒரு ரூபாய் முடிந்து சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். அந்த வேண்டுதல் உண்மையானது. அதில் கள்ளம் இல்லை. இதை மட்டும் என்னால் தைரியமாகச் சொல்ல முடியும்.

ஐந்தாம் நாள், விரலை அசைக்கிறாள், நாளைக்குள் விழித்துவிடுவாள் போலிருக்கிறது என்று நர்ஸ் சொன்னார். அஞ்சலை அக்கா தரையில் விழுந்து கும்பிட்டாள். நானும் கும்பிட்டேன். கும்பிட்ட கை இறங்குவதற்குள் பயம் வந்துவிட்டது. விழித்தால் சொல்லிவிடுவாளே. நான் மிஸ்டு கால் கொடுத்ததை, வழக்கத்துக்கு மாறாகக் கிட்டே வந்து கொடுத்ததை. அப்போது அதே படிக்கட்டில், அதே மஞ்சள் முடிச்சைப் பிடித்துக்கொண்டு இரண்டாவது வேண்டுதல் வைத்தேன். தாயே, அன்று காலையில் நடந்தது எதுவும் அவளுக்கு ஞாபகம் வரக் கூடாது.

இப்படியும் ஒருவன் சாமியிடம் கேட்பானா என்று நீங்கள் நினைக்கலாம். கேட்பான். நீங்களும் கேட்டிருப்பீர்கள், வேறு வார்த்தையில்.

அம்மன் இரண்டையும் கொடுத்தாள். ஆறாம் நாள் நித்யா கண் திறந்தாள். அம்மாவைத் தெரிந்தது, சரோஜா அக்காவைத் தெரிந்தது, என்னைத் தெரிந்தது. முந்தின நாள் இரவு சாப்பிட்டதுகூடச் சொன்னாள். காலையில் எழுந்ததிலிருந்து எதுவும் தெரியவில்லை. வழித்துத் துடைத்த மாதிரி இருந்தது. மண்டையில் அடிபட்டால் அப்படித்தான் ஆகும், அந்த ஞாபகம் திரும்பாமலேகூடப் போகலாம் என்று டாக்டர் சொன்னார். நான் கோயிலுக்கு வந்து நூற்றெட்டுத் தேங்காய் உடைத்தேன். ஊரே பார்த்தது. ஏழுமலைக்கு அந்தப் பெண் மேல் எவ்வளவு பாசம் என்று பேசிக்கொண்டார்கள்.

கால் எலும்பில் கம்பி வைத்து, ஒரு மாதம் கழித்து நித்யா வீட்டுக்கு வந்தாள். அதற்குப் பிறகுதான் நான் கேட்டு வாங்கிய வரம் வேலையைக் காட்டியது.

போனைப் பார்த்துக்கொண்டே ரோட்டில் போனாளாம், அதனால்தான் அடிபட்டாளாம். இது முதல் வாரம். போனில் பேசிக்கொண்டே போனாளாம். இது இரண்டாவது வாரம். விடியற்காலையில் அஞ்சே முக்காலுக்கு ஒரு வயசுப் பெண்ணுக்கு யாரோடு பேச்சு? இது மூன்றாவது வாரம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? டீக்கடையில் பேசினார்கள், குழாயடியில் பேசினார்கள். கம்பெனியில் ஒரு சூப்பர்வைசரின் பெயரைக்கூடச் சேர்த்துவிட்டார்கள். அந்த மனுஷனுக்குப் பேத்தி இருக்கிறது. நொறுங்கிய போனை அஞ்சலை அக்கா அடுப்பில் போட்டாள். புதுப் போன் வாங்கித் தரவில்லை. கால் சரியானாலும் வேலைக்கு அனுப்ப மாட்டேன் என்றாள். ஒரு நாள் அந்தப் பக்கம் போனபோது அவள் குரல் ரோடு வரை கேட்டது. யார்டி அவன், யார்டி அவன் என்று ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

என் வேனில் மற்றப் பத்துப் பேரும் தினமும் ஏறினார்கள். பத்துப் பேருக்கும் தெரியும், அவள் யாரோடும் பேசவில்லை, என் மிஸ்டு காலைத்தான் கட் பண்ணினாள் என்று. ஒருத்திகூட வாய் திறக்கவில்லை. நான் மட்டும் யோக்கியனா? ஒரு வாரம் மிஸ்டு கால் கொடுக்காமல் ஓட்டினேன், இரண்டு நாள் கேட் மூடிவிட்டது, மறுபடி ஆரம்பித்துவிட்டேன். ஆமாம், மறுபடி ஆரம்பித்தேன். அதே இடது கை, அதே ஏரிக்கரை வளைவு. மனுஷன் இவ்வளவு கேவலமாக இருக்க முடியும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

சித்திரைத் திருவிழா வந்தது. காப்புக் கட்டிக்கொண்டேன். பத்து நாள் கவுச்சி இல்லை, கோயிலிலேயே படுக்கை. உள்ளுக்குள் ஒரு எண்ணம் இருந்தது. பொய்யோடு இறங்குகிறவனைத் தீ சும்மா விடாது என்று சின்ன வயசிலிருந்து கேட்டிருக்கிறோம். சுடட்டும் என்று நினைத்தேன். கால் வெந்து கீழே விழுவேன், ஏன்டா என்று கேட்பார்கள், அப்போது சொல்லிவிடலாம். நானாகச் சொல்ல எனக்குத் துப்பில்லை. அம்மனே சொல்ல வைக்கட்டும் என்று அவள் தலையில் போட்டுவிட்டேன்.

இறங்கினேன். ஓடவில்லை, நடந்தேன், வேண்டுமென்றே மெதுவாக நடந்தேன். பால் ஊற்றி வைத்திருந்த குழியில் காலை வைத்து, பிறகு தூக்கிப் பார்த்தேன். ஒரு கொப்புளம் இல்லை. என் முன்னால் இறங்கிய நல்ல மனுஷன் ஒருவருக்குக் குதிகால் வெந்துபோயிருந்தது. எனக்கு ஒன்றும் இல்லை. கூட்டத்தில் ஒருவர் எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "பாத்தீங்களா, ஏழுமல மேல தப்பு இருந்தா தீ வுட்டிருக்குமா? தப்பு யார் மேலன்னு அம்மனே சொல்லிட்டா." தலையாட்டினார்கள். பெண்கள் பக்கம் அஞ்சலை அக்கா நின்றுகொண்டிருந்தாள். தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள்.

அன்று எனக்கு வந்த கோபம் அதற்கு முன்னால் யார் மேலும் வந்ததில்லை. ஊர் மேல் இல்லை. அம்மன் மேல். மறுநாள் மஞ்சள் நீராட்டு. உச்சிப் பொழுதில் பூசாரி சாப்பிடப் போயிருந்த நேரம், நான் கருவறைக்கு முன்னால் போய் நின்றுகொண்டு அவளைத் திட்டினேன். கெட்ட வார்த்தையும் வந்தது, மறைக்கவில்லை. நீ கல்லா, உனக்குக் கண் இல்லையா, நான் கேட்ட அயோக்கியத்தனத்தை ஏன் கொடுத்தாய், கேட்கிறவன் கேட்டால் கொடுத்துவிடுவாயா, ஒரு பெண் பேர் கெட்டுப் போகிறது, நீயும் பொம்பளைதானே என்று கத்தினேன். கத்திக் கத்தித் தொண்டை கட்டிவிட்டது. கடைசியில் தரையில் உட்கார்ந்து ஒன்று மட்டும் கேட்டேன். என்னால் முடியவில்லை தாயே, என் வாயைத் திறந்துவிடு. அதுதான் மூன்றாவது வேண்டுதல்.

ஒன்றும் நடக்கவில்லை. விளக்கு அசையவில்லை, பல்லி சொல்லவில்லை, பூ விழவில்லை. எழுந்து வெளியே வந்தேன். மஞ்சள் தண்ணீர் ஊற்றுகிற இடத்தில் ஐம்பது அறுபது பேர் இருந்தார்கள். வாசல் படியில் இரண்டு கம்புகளை ஊன்றிக்கொண்டு நித்யா நின்றிருந்தாள். பக்கத்தில் அஞ்சலை அக்கா, கையில் மஞ்சள் தண்ணீர்ச் செம்பு. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு நித்யா வீட்டை விட்டு வெளியே வந்தது அன்றைக்குத்தான்.

என்னிடம் மன்னிப்புக் கேட்க வந்திருந்தாள். ஆமாம், என்னிடம். என்னால் உங்களுக்குப் போலீஸ், கேஸ் என்று எவ்வளவு கஷ்டம் என்றாள். பிறகு அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அண்ணா, ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு நான் யார் கூடப் பேசிக்கினு வந்தேன்? நீங்க எதுக்கால வந்தீங்களே, பாத்தீங்களா? எனக்குத் தெரிஞ்சு நான் யார் கூடயும் பேசறதில்லண்ணா. ஆனா எல்லாரும் சொல்றாங்க. எனக்கும் ஞாபகம் இல்ல. ஒருவேளை பேசினேனோ என்னவோன்னு எனக்கே சந்தேகமாக்கீது."

சாமி மேல் சத்தியமாகச் சொல்கிறேன், போலீசுக்குப் பயந்தவன்தான் நான், ஊருக்குப் பயந்தவன்தான். ஆனால் அந்தப் பெண் தன்னையே சந்தேகப்பட்டுக்கொண்டு என் முன்னால் நின்றதைப் பார்த்ததும் அந்தப் பயம் எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. கட்டிப்போயிருந்த தொண்டை எப்படித் திறந்தது என்று எனக்குத் தெரியாது. ஐம்பது பேருக்கும் கேட்டது.

"என்கிட்டதாம்மா. நாந்தான் மிஸ்டு கால் குடுத்தேன். நீ கட் பண்ண. யார்கிட்டயும் நீ பேசல. முன்னாடியே குடுக்க வேண்டியத மறந்துட்டு, வளைவுல வந்து குடுத்தேன். அது கட்டாச்சான்னு போனப் பாத்துக்கினு இருந்தேன். ரோட்டப் பாக்கல. நீ சரியாத்தான் வந்த."

அஞ்சலை அக்கா கையிலிருந்த செம்பால் என் நெற்றியில் அடித்தாள். மஞ்சள் தண்ணீரும் ரத்தமும் கண்ணில் இறங்கின. இரண்டாவது தடவை ஓங்கியபோது யாரோ பிடித்தார்கள். விடுங்கள் என்றேன். கமிட்டிக்காரர் ஒருவர், திருவிழா நேரத்தில் இதெல்லாம் எதற்கு, உள்ளே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று என் கையைப் பிடித்து இழுத்தார். அவர் கையைத் தட்டிவிட்டேன். அப்போது கூட்டத்திலிருந்து சரோஜா அக்கா முன்னால் வந்தாள். அவன் சொல்வது நிஜம், நாங்கள் ஆறு பேரும் பார்த்தோம், நான்தான் வாயை மூடச் சொன்னேன் என்றாள். சொல்லிவிட்டு நித்யாவின் காலடியில் உட்கார்ந்துவிட்டாள்.

நித்யா எங்கள் இரண்டு பேரையும் பார்க்கவில்லை. கம்பு இரண்டும் கீழே விழுந்தன. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "அப்ப நான் யார்கிட்டயும் பேசலல்லம்மா" என்றாள். மறுபடி அதையே சொன்னாள். அழுதுகொண்டே அதையே நாலைந்து தடவை சொன்னாள்.

அன்று மாலையே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். முடிகிற நேரத்தில் வந்து ஏன் கிளறுகிறாய் என்று அங்கேயும் கேட்டார்கள். எழுதிக்கொள்ளுங்கள் என்று உட்கார்ந்துவிட்டேன். கேஸ் இப்போது கோர்ட்டில் இருக்கிறது. என்ன தண்டனை வந்தாலும் வரட்டும், உப்பைத் தின்றவன் தண்ணீர் குடிக்கத்தான் வேண்டும். லைசென்ஸ் இல்லை. ரெட்டியார்பாளையத்தில் ஒரு மரக்கடையில் பலகை தூக்குகிறேன், சைக்கிளில் போய் வருகிறேன். தனம் முதல் நாள், "இத ஆஸ்பத்திரியிலயே சொல்லியிருக்கலாம்ல" என்றாள். அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

சரோஜா அக்கா மற்ற ஒன்பது பெண்களையும் கூட்டிக்கொண்டு கம்பெனி மேனேஜரிடம் போனாள். வேன் நின்றுவிடவில்லை. எதற்குப் பயந்து ஒரு பெண்ணை ஊர் வாயில் போட்டார்களோ, அது நடக்கவே இல்லை. வேன் பத்து நிமிஷம் முன்னால் கிளம்புகிறது. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் ஒரு நேரம் எழுதி ஒட்டியிருக்கிறார்கள், இரண்டு நிமிஷம் நிற்கும். ஒருத்தி தனியாக நிற்காமல் பக்கத்து நிறுத்தக்காரிகள் இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து நிற்கிறார்கள். புது டிரைவர் வண்டியில் ஏறும்போதே அவன் போனை சரோஜா அக்கா வாங்கித் தன் பையில் போட்டுக்கொள்கிறாள். இவ்வளவுதான் செய்ய வேண்டியிருந்தது. ஒன்பது வருஷத்தில் எங்களில் ஒருவருக்கும் இது தோன்றவில்லை என்பதை நினைத்தால் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது.

இப்போது உங்களுக்கு. இந்த வருஷம் காப்புக் கட்டிக்கொண்டு நிற்கிறவர்களில் எத்தனை பேர் ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகிக்கொண்டு கோயிலுக்கு வருகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். சாப்பாடு கொண்டுபோகிறவர், தண்ணீர் கேன் போடுகிறவர், ஸ்கூல் ஆட்டோ ஓட்டுகிறவர் எல்லாருக்கும் அவசரம்தான். எடுக்கவில்லை என்றால் முதலாளி திட்டுவார். திட்டட்டும். வண்டியை ஓரம் கட்டிவிட்டுப் பேசுங்கள். வண்டி முன்னால் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டு, போனில் கண்ணை வைத்துக்கொண்டு ஓட்டினால், அந்த எலுமிச்சம்பழம் என்ன செய்யும்? வண்டி ஓட்டுகிறவருக்குப் போன் போட்டு எங்கே வருகிறாய், எங்கே வருகிறாய் என்று நச்சரிக்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அம்மனை நம்புங்கள். இதைக் கோபத்தோடுதான் சொல்கிறேன், ஆனால் முழு மனசோடு சொல்கிறேன். அவள் கேட்டதைக் கொடுக்கிறவள். உயிரைக் கேட்டேன், கொடுத்தாள். மறதியைக் கேட்டேன், அதையும் கொடுத்து, அது என்னவென்று என் கண்ணாலேயே பார்க்க வைத்தாள். தீயில் என்னைச் சுடாமல் விட்டது மன்னித்ததால் இல்லை என்று இப்போது எனக்குப் புரிகிறது. கால் வெந்திருந்தால் ஒரு வாரம் கட்டுப் போட்டுக்கொண்டு, பட்ட கடன் தீர்ந்தது என்று இருந்திருப்பேன். அந்தத் தப்பிக்கிற வழியை அவள் அடைத்தாள். வாயைத் திற என்று கேட்ட பிறகு, அந்தப் பெண்ணையே வாசலில் கொண்டுவந்து நிறுத்தினாள். தப்பு செய்துவிட்டு ஒளிந்துகொண்டிருக்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், அவளிடம் போய் என்னை மாதிரித் திட்டியாவது கேளுங்கள். தப்பிக்க வைக்கச் சொல்லி மட்டும் கேட்காதீர்கள். அதையும் கொடுத்துவிடுவாள்.

நித்யா போன ஐப்பசியிலிருந்து வேலைக்குப் போகிறாள். இடது காலைக் கொஞ்சம் இழுத்துத்தான் நடக்கிறாள், அது அப்படியேதான் இருக்குமாம். என்னோடு பேசுவதில்லை. அஞ்சலை அக்காவும் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நான் அம்மனிடம் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டேன்.

நேற்றுக் காலை மரக்கடைக்குப் போகிறபோது ஏரிக்கரை வளைவில் சைக்கிளை நிறுத்தினேன். நித்யாவும் இன்னொரு பெண்ணும் நிறுத்தத்துக்கு எதிர்ப்பக்கம் நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். புதுப் போன் வாங்கியிருக்கிறாள், கையில் இருந்தது. வேன் வளைவில் மெதுவாகத் திரும்பி வந்து நின்றது. போன் அடிக்கவில்லை. இரண்டு பக்கமும் நன்றாகப் பார்த்துவிட்டு நித்யா ரோட்டைக் கடந்து ஏறினாள். வேன் போன பிறகு நான் அங்கேயே நின்று, எல்லையம்மன் இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டேன்.